லிஃப்டில் திரும்பி நிற்பவர்

கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏறியவர்களின் முகத்தையே பார்த்தபடி நிற்கிறார் லிஃப்ட் மெக்கானிக். மூன்றாம் மாடி வருவதற்குள் ஒருவர் செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துவிட்டார். ஓர் அம்மாள் கைப்பையை இறுக்கிக்கொண்டார். மெக்கானிக்குக்கு ஒரே குஷி. இறங்கும்போது செல்போன்காரரிடம் விளக்கமும் சொல்கிறார்: "கதவைப் பாத்துதான் நிக்கணும்னு யாரும் சட்டம் போடலை சார். மாத்தி நின்னு பாருங்க, அப்பத்தான் அந்த எழுதாத சட்டம் நம்மளப் புடிச்சுத் தள்றது தெரியும்."

நாற்பத்தாறு வயதில் தபால்வழியில் சமூகவியல் படிக்கிறார். அந்தப் படிப்புக்கு அடித்தளம் போட்ட மூவரும் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. இயந்திரம் யாருடையது என்று கேட்டவர் 'பெரியப்பா'. அலுவலக விதிகளை அலசியவர் 'ஃபைல்காரர்'. சமூகத்தின் கண்ணுக்குத் தெரியாத பிடியைப் பற்றிச் சொன்னவர் மீதுதான் தனிப் பிரியம். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே மூவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

இத்தனை பிரியம் இருந்தும் அந்தப் பிடியைப் பற்றிய தாளில் இரண்டு முறை கோட்டை விட்டார். பாடத்தை அப்படியே ஒப்பித்து எழுதியதுதான் காரணம். கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்லிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தார் ஆசிரியர். இது கடைசி வாய்ப்பு. தவறினால் நான்கு வருடப் படிப்பும் வீண். லிஃப்ட் உதாரணத்தை உடன் படிப்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே எழுதிவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போதுதான் அது கண்ணில் பட்டது. வீட்டில் நான்கு பேர், நான்கு நாற்காலி. அம்மாவும் மகளும் அவரும் மூன்றில். நான்காவதில் மடிக்காத துணி. மனைவி அடுப்பு மேடையோரம் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

துணியை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு மனைவியை அழைத்தார் மெக்கானிக். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்த மனைவி இரண்டு முறை எழுந்தார்: ஒருமுறை தண்ணீருக்கு, இன்னொருமுறை எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மெக்கானிக்குக்குப் புல்லரித்தது. அதே பிடி, சொந்த வீட்டிலேயே!

கை ஈரம் காய்வதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டார். 'பதினேழு வருடமாக என் மனைவி நின்றுகொண்டே சாப்பிடுகிறார். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை.'

தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார் மனைவி.

"யாரும் சொல்லலை, வாஸ்தவம்தான். உக்காருன்னும் யாரும் சொல்லலையே. அதையும் எழுதுங்க."

மெக்கானிக்குக்கு வெட்கமாகப் போய்விட்டது. 'உட்கார் என்றும் யாரும் சொல்லவில்லை' என்று எழுதினார். பிறகு 'யாரும்' என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே 'நான்' என்று எழுதினார்.