அம்மனுக்கு நான் வைத்த பரீட்சை

மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், அம்மன் வந்து இறங்குவது என் அத்தை மேல்தான். அப்பாவின் தங்கை அவள். கணவர் இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். மற்ற நாட்களில், இருவர் சேர்ந்து தூக்கும் கொழுந்து வெட்டும் மெஷினின் ஒரு முனையைப் பிடித்தபடி மலைச்சரிவில் நடப்பாள். வீட்டில் அப்பா இருக்கும் அறைக்குள் வரக்கூடத் தயங்குவாள். அப்படிப்பட்டவள், பக்கத்து ஊரான ரிங்லெட்டிலிருந்து வந்தவர்கள் உடுக்கை அடிக்கத் தொடங்கியதும் கங்காணியையே 'டேய்' என்பாள். அவரும் கைகட்டி நிற்பார். இது எப்படி என்று எனக்கு ஒரே குடைச்சல்.

பத்து வயதில் அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினேன். அந்த வருடம் அக்காவுக்குப் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிக்க இடம் கிடைத்திருந்தது. "பொட்டப் புள்ள அவ்வளவு தூரம் போயி என்னா செய்யப் போவுதுலா?" என்று அப்பா சேர்க்கைப் பாரத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அக்கா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. பாரத்தை அப்பா அலமாரியில் தன் சட்டைகளுக்கு அடியில் வைத்ததை நான் மட்டும் பார்த்தேன். அத்தையிடம் போய், அப்பா அதைக் கிழித்து எரித்துவிட்டார் என்று சொன்னேன். அத்தைக்குத் தெரிந்தது நான் சொன்ன பொய் மட்டும்தான். அம்மனுக்கு உண்மை தெரியாமல் போகுமா? எது வெளியே வருகிறதென்று பார்த்துவிடலாம்.

திருவிழாவில் அப்பா திருநீற்றுக்குக் குனிந்தார். அருள் வந்த அத்தை அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள்.

"படிக்கிற புள்ளயோட காயிதத்த எரிச்சிட்டியேடா!"

அப்பா நடுங்கிப்போனார். "இல்ல தாயி, பத்தரமா இருக்கு."

"அப்ப சைன் வச்சி அனுப்புடா!"

தோட்டமே பார்க்க அப்பா சத்தியம் செய்தார். அக்கா அழுதுகொண்டே அத்தையின் காலில் விழுந்தாள். எனக்கு அக்கா படிக்கப் போவதைவிட நான் கண்டுபிடித்ததுதான் பெரிதாக இருந்தது.

மறுநாள் அத்தையிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அம்மனாக இருந்தால் பாரம் அலமாரியில் இருப்பது தெரிந்திருக்குமே என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அப்படியா சொன்னேன்? எனக்கு ஒன்னுமே ஞாபகம் இல்லயே பாப்பா," என்றாள். பிறகு, பயந்த குரலில் என்னிடமே கேட்டாள்: "அப்ப எம்மேல வந்தது யாரும்மா?"

"நீங்கதான் அத்தை," என்றேன், வகுப்பில் முந்திக்கொண்டு விடை சொல்வதைப் போல.

அடுத்த வருடம் உடுக்கை அடித்து ஓய்ந்தது. அத்தை தேங்காய்த் தட்டுடன் பெண்கள் வரிசையில் அசையாமல் நின்றாள். பூசாரி வேப்பிலையை நீட்டியும் வாங்கவில்லை. அம்மனுக்கு என்ன கோபமோ என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். எனக்கோ, என் பரீட்சை சரிதான் என்று உள்ளுக்குள் ஒரே பெருமை. வருடத்தில் ஒரே ஒரு நாள் அவள் சொன்னால் அப்பா கேட்டார். அந்த ஒரு நாளையும் நான் பிடுங்கிக்கொண்டேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.