உப்புத் தண்ணீரில் நின்ற வெண்டை

கிருஷ்ணப்பிரியாவுக்கு மன்னிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தன் சாப்பாட்டு டப்பாவை மோந்து பார்த்து மூஞ்சியைச் சுளித்த தோழி கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது, காப்பி கொடுத்து உபசரித்து அனுப்பிவிட்டு, கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தவள். அப்படிப்பட்டவளிடம் போய் வம்பு வளர்த்தாரே பரந்தாமன், அவரை என்னவென்று சொல்ல!

பரந்தாமன் வேறு யாருமில்லை, அவளுடைய அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். காட்டுப்பாக்கத்தில் தன் பங்கு நிலத்தை அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டு, அங்கேயே இரண்டு ஃபிளாட் வாங்கிக்கொண்டு, குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆகிவிட்டவர். பக்கத்தில் இருந்த தம்பி பங்கு மட்டும் கண்ணை உறுத்தியது. தம்பி செத்துப்போனதும் அது பிரியாவுக்கும் அவள் தம்பி உதயகுமாருக்கும் வந்தது. அதையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டாவது கட்டடம் எழும்பும். பிரியா மாட்டேன் என்றாள்.

அதற்கு மேல் அவர் வாயால் கேட்கவில்லை. ஃபிளாட்டுக்காரர்களின் போர் தண்ணீரை மென்மையாக்க ஒரு சாஃப்ட்னர் உண்டு. அதைக் கழுவ மூட்டை மூட்டையாக உப்பு போடுவார்கள். அந்தக் கழிவுநீர் லாரியில் போவதாகச் சங்கத்தில் சொல்லிவிட்டு, வரப்புக்கு அடியில் குழாய் பதித்து, ராவோடு ராவாகத் தம்பி நிலத்துக்குள் திருப்பிவிட்டார். மண் வெளுத்தது. கத்தரி கருகியது. கேட்கப் போனவளிடம், "மண்ணு செத்துப்போச்சும்மா. உங்கப்பன் போட்ட மருந்து அப்படி. இனிமே இன்னா வெளையும் அதுல?" என்று பல்லைக் காட்டினார்.

பிரியா அன்றைக்கே மண்வெட்டியோடு போய்க் குழாய் வாயைக் கல் வைத்து அடைத்தாள். மறுநாள் வேறு இடத்தில் வாய் திறந்திருந்தது. உதயகுமார் குமணன்சாவடியில் செல்போன் கடை வைத்திருப்பவன், சண்டைக்கு ஆகாதவன்.

"அக்கா, ஆடிப்பட்டத்துல ஒரே ஒரு வெள்ளாமை போடு. வந்துச்சுனா நெலம் நம்முளுது. வர்லீனா நான் கையெழுத்து போட்டுர்றேன். இந்தப் பங்காளி சண்டை எனுக்கு ஒத்துவராது."

பிரியா வேலை பார்ப்பது ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில். அங்கே பேராசிரியை அகல்யா ஆராய்ந்துகொண்டிருந்தது ஒரு நாற்றத்தை. அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செடி தனக்குள்ளேயே துளித்துளியாகத் தயாரிக்கிறது. உப்போ வறட்சியோ தாக்கும்போது அதுதான் உள்ளே ஓடி ஓடிச் சேதி சொல்கிறது: இலைத் துளையை மூடு, உப்பை வெளியே தள்ளு, பொட்டாசியத்தை விடாதே என்று. அந்த வாயுவைக் கசியவிடும் ஒரு ரசாயனத் தூளைக் கரைத்து அதில் விதையை ஊறப்போட்டால், முளைக்கும்போதே செடி உஷாராக இருக்கும். ஆனால் சேதிக்கு வேண்டியது துளிதான். கூடினால் விஷம்.

இது அத்தனையும் தெரிந்தவள்தான் பிரியா. அந்தத் தூளை அகல்யாவிடம் கேட்டு வாங்கி வந்து, திறந்த வெளியில், கையுறை மாட்டிக்கொண்டு, வெண்டை விதைக்கு அளந்துதான் கரைத்தாள். ஆனால் அவர்கள் குடும்பத்தில் உரமோ விதையோ எதைப் போட்டாலும், அளந்து முடித்தபின் 'மண்ணுக்கு' என்று ஒரு பிடி சேர்த்துப் போடுவார்கள். பழகின கை அல்லவா? மண்ணுக்கு என்று இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டுவிட்டாள்.

நாற்றம் ஃபிளாட்டு மாடிவரை ஏறியது. ஜன்னலெல்லாம் படபடவென்று சாத்தினார்கள். விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. பரந்தாமன் வரப்பில் நின்று, "இன்னாம்மா, முட்டை வெவசாயமா பண்றே?" என்று எல்லோரும் கேட்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். தம்பியின் கையைப் பிடித்து, "ஆடி முடியறதுக்குள்ள இன்னொரு தபா, உதயா" என்று கெஞ்சினாள். வாழ்க்கையில் அவள் யாரிடமும் கெஞ்சியதில்லை. அதற்கும் சேர்த்துப் பெரியப்பாவைக் கறுவினாள். இந்த முறை விதை ஊறிய தொட்டியில் மூக்கை வைத்தால்கூட வாசனை தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. கரண்டியை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

முளைத்தது. எல்லாம் இல்லை, பாதிக்கு மேல். குழாய்த் தண்ணீர் வாரம் தவறாமல் வந்தது, வெண்டையும் தவறாமல் வளர்ந்தது. நுனி சற்றுக் கருகிய இலைகளோடு, குட்டையாக, முரட்டுத்தனமாக நின்றது. அவளைப் போலவே என்றான் உதயகுமார்.

புரட்டாசியில் ஃபிளாட்டுப் பெண்கள் பிஞ்சாகப் பறித்து வாங்க வரப்புக்கு வந்தார்கள். அவர்களில் ரேஷ்மா என்கிற பெண்தான், "எங்க தண்ணியா இங்க வருது? லாரியில போகுதுன்னுல்ல சொன்னார்!" என்று ஃபிளாட்டுப் பக்கமிருந்து வந்த குழாயைப் பார்த்துக் கேட்டாள். சங்கக் கூட்டத்தில் பரந்தாமனை நார் நாராகக் கிழித்துவிட்டார்கள். தலைவர் பதவி போயிற்று. குழாயை உடனே எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

இரண்டு கூலியாட்களோடு வந்து நின்றவரைப் பிரியா வரப்பிலேயே மறித்தாள்.

"ஆளெல்லாம் வேணாம் பெரிப்பா. வெச்சது நீங்க, எடுக்கறதும் நீங்களே. இல்லாங்காட்டி நாளைக்கு கலெக்டர் ஆபீஸ்ல மனு."

மாடியெல்லாம் தலைகள். பரந்தாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்டினார். பிரியா நிழலில் உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வயசான மனுஷனாயிற்றே என்று ஒரு இணுக்கு இரக்கம்? ஊஹும்.

உதயகுமாருக்குத்தான் பொறுக்கவில்லை. மண்வெட்டியைத் தூக்கினான். "மூச்சு வாங்குதுக்கா அவருக்கு."

"வாங்கட்டும். கீழ வை அத."

கடைசித் துண்டுக் குழாயை இழுத்துப் போட்டுவிட்டு, வேர்வை வழிய, "போதுமா? எடுத்துட்டேன். ஆறிச்சா மனசு?" என்றார் பரந்தாமன்.

பிரியா எழுந்து, செடியடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்த மண்ணை ஒரு கை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கொழாவ எடுத்துட்டீங்க. இத எப்ப எடுப்பீங்க, பெரிப்பா?"

அவர் கையை விரித்தபடியே நின்றார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு வெண்டை பறிக்கப் போய்விட்டாள்.