பதினொரு சிவப்பு வட்டங்கள்

மலரும் நானும் மட்டக்களப்பில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கணக்கில் எப்போதும் நான்தான் முதல். ஆனால் சுனாமிக்குப் பிறகு, சண்டையும் ஓயாத அந்தக் காலத்தில், ஊர் முழுக்க அவள் பேச்சுத்தான். புற்றுநோய் வந்த பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பி வைத்தியம் பார்க்க ஒரு நிதியம் நடத்தினாள். வெளிநாட்டுப் பணம் வந்தது. பத்திரிகையில் படமும் வந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

பணம் கொடுத்தவர்கள் கணக்கைச் சரிபார்க்கக் கணக்காய்வாளரான என்னையே அனுப்பியபோது, பிழை பிடிக்கத்தான் போனேன். எல்லாச் செலவுக்கும் பற்றுச்சீட்டு இருந்தது. மூன்றாம் நாள்தான் வரவுப் பக்கத்தில் ஒன்று அகப்பட்டது: 'திரும்பி வந்த அரை டிக்கட்'. பல இடங்களில் இருந்தது, எதற்கும் சீட்டில்லை. தேடித் தேடிச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். அறிக்கையில் எழுதினால் அவளுக்கு வரும் பணம் நின்றுவிடும்.

"இது என்ன கா, மலர்? ஆர் தந்த காசு?" அலுவலகத்தில் காத்திருந்த தாய்மாருக்கும் கேட்கட்டும் என்று உரத்துக் கேட்டேன்.

வாகரையிலிருந்து வந்திருந்த ஒரு தாய்தான் பதில் சொன்னாள்.

"கொழும்புக்குப் போகவும் வரவும் சேர்த்துத்தான் பஸ் காசு தருவாங்க, மிஸ். எனக்கும் புருசனுக்கும் ரெண்டு முழு டிக்கட், புள்ளைக்கு அரை. வரக்குள்ள நாங்க ரெண்டு பேரும் மட்டுந்தான் வந்தம். புள்ளைட காசு மிஞ்சிட்டு. அதக் குடுக்கத்தான் வந்தன்."

மலர் ஏட்டை என்னிடமிருந்து வாங்கி, அந்தக் காசையும் வரவில் எழுதினாள்.

அந்த வரவையெல்லாம் சரியென்றே அறிக்கை கொடுத்தேன். அவள்மேல் இன்றும் எனக்குப் பொறாமைதான். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் தேடிவந்து காசு கொடுக்கும் அளவுக்கு என்னை யாரும் நம்பியதில்லை.

அந்த ஏட்டில் என் வட்டங்கள் பதினொன்று. ஒவ்வொன்றையும் சந்தோஷமாகத்தான் போட்டேன்.