எகிறி வந்தால் இறக்கு

என் மனைவியின் தம்பி ஒரே ஒரு அடியை வைத்துக்கொண்டு என்னை ஒரு வருடம் தோற்கடித்தான். வீடியோ கேம் திரையில் அவன் ஆள் எகிறி வந்து உதைப்பான், அவ்வளவுதான். நான் தடுக்க நினைப்பதற்குள் அடுத்த உதை விழும். செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், செல்போன் கடை மாடியில் இருக்கும் கேம் சென்டரில், பத்துப் பேர் பார்க்க இது நடக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாமியார் வீட்டில் சோறு போடும்போது அதை அவன் நடித்துக் காட்டுவான். என் மனைவியும் சிரிப்பாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவன் நாற்காலியிலேயே இருப்பான். தோற்றவன் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! ஆடத் தெரிந்தவன் நாள் முழுக்க ஆடுவான். கற்றுக்கொள்ள வேண்டியவனுக்கு இரண்டு நிமிடம். அப்புறம் முக்கால் மணி நேரம் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். எனக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாளும் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியின் வரவேற்பில் நிற்கிறேன். அலைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று புகார் சொல்பவர்களிடமும் பல்லைக் காட்ட வேண்டிய வேலை. காட்டிய பல்லை எல்லாம் கடித்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் நின்றபடி வந்து, இருபத்துமூன்று வயதுப் பயலிடம் உதை வாங்கினால் ரத்தம் கொதிக்காதா? கொதித்தது. கொதித்தால் என் விரல்கள் எல்லாப் பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்கும். உடனே தோற்பேன்.

அவனை ஒரே ஒரு முறை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிட வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஜெயிக்க வேண்டும் என்று போனால் ஜெயிக்க மாட்டேன் என்பது மண்டையில் ஏறவே பத்து மாதம் ஆனது. விடுதியில் வீணாகிப்போன பதிவு அட்டைகளின் பின்பக்கத்தில், ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு காரியம் எழுதத் தொடங்கினேன். முதல் அட்டை: ‘அடி விழுந்தால் விரலை எடு.’ அதற்கே மூன்று செவ்வாய் பிடித்தது. அடுத்தது, ‘எகிறி வந்தால் கீழிருந்து குத்தி இறக்கு. ஓர் ஆட்டத்தில் மூன்று முறை.’ தோற்றாலும் போகட்டும், அட்டையில் இருப்பது நடந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டேன். வரிசையில் நிற்கும் நேரத்தையும் விடவில்லை. அவன் ஆளின் கால் தரையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் கட்டைவிரலால் அட்டையை அழுத்திப் பழகினேன்.

ஒரு நாள் அவன் அட்டையை என் கையிலிருந்து பிடுங்கினான். எல்லாருக்கும் கேட்கும்படி படித்தான்.

“இன்னா மாமா, பரிச்சைக்குப் படிச்சிகினு வந்துகிறியா?”

கடையே சிரித்தது. அந்தக் கன்ட்ரோலராலேயே அவன் மண்டையைப் பிளக்கத் தோன்றியது. உட்கார்ந்தேன். முதல் முறை எகிறினான், இறக்கினேன். மறுபடி எகிறினான், மறுபடி இறக்கினேன். அதற்குப் பிறகு அவன் எகிறவே இல்லை. வேறு எதுவும் தெரியாததால் எட்டியே நின்றான். போய் நாலு அடி போட்டிருந்தால் ஆட்டம் என்னுடையது. நான் போகவில்லை. அட்டையில் மூன்று என்று எழுதியிருந்தேனே! எகிறுடா, எகிறுடா என்று காத்துக்கொண்டே இருந்தேன். நேரம் முடிந்தது. உயிர் அதிகம் மிச்சம் இருப்பவனுக்கே ஜெயம்; அவன் ஆளுக்கு நகக்கண் அளவு கூடுதல். எழுந்து வரிசையின் கடைசிக்குப் போனேன். என்னைப் போல ஒரு முட்டாள் இந்த ஜில்லாவில் இருக்க முடியாது என்று அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்தேன்.

அந்த ஞாயிறு ராத்திரி அவன் எதையும் நடித்துக் காட்டவில்லை. கை கழுவும் இடத்தில் மட்டும் மெதுவாகக் கேட்டான்.

“நான் எகிறப் போறது உனக்கு எப்டி மாமா முன்னாடியே தெரியுது?”

சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

செவ்வாய்க்கிழமை புது அட்டையில், ‘அவன் நின்றால் நீ நட’ என்று எழுதிக்கொண்டு போனேன். அவன் நின்றான். நான் நடந்துபோய் அடித்தேன். இரண்டு ரவுண்டும் என்னுடையவை. யாரும் கைதட்டவில்லை. அடுத்தவனிடம் கன்ட்ரோலரைக் கொடுக்க நீண்ட அவன் புறங்கையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது: ‘எகிறாத.’

நான் நாற்காலியிலேயே இருந்தேன். ஒரு வருடம் காத்திருந்த இடம். அடுத்த ஆட்டத்தின் நடுவே ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் சுவரில் சாய்ந்து, திரையில் என் ஆளின் காலையே பார்த்துக்கொண்டு, கட்டைவிரலால் தன் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தான். எனக்கு மறுபடியும் ரத்தம் கொதித்தது.