பக்கத்து சீட்டுக் கதவு

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பெயர் கதவு சார். பெண்கள் யார் கற்றுக்கொள்ள வந்தாலும் காரைச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்துவிடுவார். அவர்கள் உட்கார்ந்ததும் சத்தமில்லாமல் சாத்துவார். இறங்கும்போதும் அப்படியே. ஆண்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது, அவர்களுக்கு "ஏறுப்பா" என்ற ஒற்றைச் சொல்தான். இருபத்தாறு வருஷமாகக் கிளட்சும் பிரேக்கும் கற்றுக்கொடுத்தவருக்குக் கடைசியில் பெயர் கிடைத்தது கதவால். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

பழக்கம் வீட்டில் ஆரம்பித்தது. சொந்தக் கார் வாங்கிய நாளிலிருந்து அவர் மனைவி அந்தக் காரின் கதவைத் தொட்டதில்லை. பக்கத்து சீட் அவளுடையது. நண்பனோ உறவோ, யார் வந்தாலும் பின்னால்தான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவார், முன்பக்கமாகச் சுற்றி வருவார், திறப்பார், அவள் இரண்டு காலையும் தரையில் வைக்கும்வரை நிற்பார். தெருவில் இருக்கும் மனைவிமார்கள் அதைத் தங்கள் கணவர்களுக்குக் காட்டுவார்கள். கணவர்கள் வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குள் போய்விடுவார்கள்.

டிரைவிங் வாத்தியாரின் மனைவிக்கு டிரைவிங் தெரியாது. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? ஒருமுறை அவள் கேட்டபோது, "நான் இருக்கும்போது உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?" என்று அன்பாகத்தான் சொன்னார். அவளும் அப்புறம் கேட்கவில்லை.

அவரிடம் ஒரு கதை இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் வீட்டுப் பத்திர வேலையாக இருவரும் ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். அஞ்சே நிமிஷம் என்று உள்ளே போனவர் வர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கார் உச்சி வெயிலில் நின்றது. அவள் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள், முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வியர்வை வழிய. இறங்கி நிழலில் நிற்கக்கூடாதா என்று கேட்டார். "நீங்க வந்து திறப்பீங்கன்னு இருந்தேன்" என்றாள். இதை அவர் எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை டீக்கடையில் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. அவள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வார். "இந்தக் காலத்துல யாருக்கு இப்படி ஒரு பொண்டாட்டி கிடைப்பா?" என்று முடிப்பார். அவள் சிரித்துக்கொள்வாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். நெஞ்சில் சளி கட்டி, நாலே நாள் ஆஸ்பத்திரி. அவர் அழவில்லை. கல் நெஞ்சு என்று சிலரும், தைரியசாலி என்று சிலரும் பேசிக்கொண்டார்கள். இரண்டும் இல்லை, ஒருக்களித்துப் படுத்து மரத்துப்போன கை மாதிரி இருந்தார், அவ்வளவுதான். பத்தாவது நாளே வேலைக்குப் போனார். சாப்பாட்டில் உப்பு இல்லாததுகூடத் தட்டைக் கழுவும்போதுதான் தெரிந்தது, தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை.

கதவு திறப்பதை மட்டும் விடவில்லை. அது கை தானாகச் செய்கிற வேலை. ஆனால் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி, முப்பத்தைந்து வயது இருக்கும், மூன்றாம் நாள் வகுப்பு முடிந்ததும் அவரை நிறுத்திப் பேசினாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கதவை நானே திறந்துக்கறேன். நீங்க சுத்தி வர்ற வரைக்கும் உள்ள உக்காந்து என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல."

மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் அவருக்கு முகம் சுண்டியிருக்கும். பெண்களை மதிக்கிற பழக்கமெல்லாம் இந்தத் தலைமுறைக்கு எங்கே புரியப்போகிறது என்று வீட்டில் வந்து அரை மணி நேரம் பேசியிருப்பார். இப்போது "சரிம்மா" என்றார். மறுநாளிலிருந்து யாருக்கும் திறக்கவில்லை. நல்லவேளை என்றும் தோன்றவில்லை, வருத்தமாகவும் இல்லை.

ஆனால் நர்ஸ் சொன்னதில் ஒன்று மட்டும் செருப்புக்குள் மாட்டிய கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது. உள்ளே உட்கார்ந்து என்ன பண்ணுவது? இத்தனை வருஷமாக அவர் காரைச் சுற்றி வந்த நேரமெல்லாம் மனைவி உள்ளே என்ன பண்ணிக்கொண்டிருந்தாள்? ஆசையாகக் காத்திருந்தாளா, இல்லை இந்த மனுஷனுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தாளா? அவருக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. இது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. சொல்ல வேண்டியவள்தான் இல்லை.

இப்படி இருக்கும்போது தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஓட்டுநர் உரிமம் அடுத்த மாதம் காலாவதியாகிறது, புதுப்பித்துக்கொள்ளவும். மேலே அவர் மனைவியின் பெயர்.

அவர் ஒரு நிமிஷம்கூட அதை நம்பவில்லை. உரிமம் தருகிற அலுவலகத்தின் லட்சணம் அவருக்குத் தெரியாதா? ஒருத்தர் பெயரில் இன்னொருத்தர் போட்டோவை ஒட்டிக் கொடுக்கிற இடம். வாரம் இரண்டு தடவை ஆட்களை டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர், அந்த வாரம் கடிதத்தையும் எடுத்துப்போய், தப்பைத் திருத்தச் சொல்லி கவுன்டரில் நீட்டினார். கிளார்க் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து, திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள்தான். பச்சைக் கல் தோடு. போட்டோவுக்கென்று கொஞ்சம் விறைப்பாக நிமிர்ந்த கழுத்து. பக்கத்து ஊர் அலுவலகத்தில், பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிய உரிமம். முதல் டெஸ்டிலேயே பாஸ். அவருக்கு உறைத்ததும் அதுதான், கேட்டால் சிரிப்பீர்கள். அவரிடம் படித்த பெண்களில் பாதிப் பேருக்கு இரண்டாம் தடவைதான் கிடைத்தது. பயிற்சி கொடுத்த இடம் என்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெண் தனியாக நடத்தும் பள்ளியின் பெயர் இருந்தது. டெஸ்ட் மைதானத்தில் பார்த்தால் தலையசைக்கிற அளவுக்கு அந்த டீச்சரை அவருக்குத் தெரியும். பத்து வருஷம் காதும் காதும் வைத்தாற்போல நடந்திருக்கிறது.

அன்று மதியமே போனார். டீச்சருக்கு அவரைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. ஒரே அறை, ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகள் போட்ட படம். நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மதியத்தில், அவருக்கு வரிசையாக வகுப்புகள் இருக்கும் நேரமாகப் பார்த்து, அவள் வருவாளாம். உரிமம் வாங்கிய பிறகும் வருவாளாம். டீச்சரின் காரை எடுத்துக்கொண்டு புறவழிச்சாலையில் பெரிய பாலம்வரை போவாள், திரும்பி வருவாள், சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவாள். உடம்புக்கு வருவதற்கு முந்தின வாரம்வரை இது நடந்திருக்கிறது.

"அக்கா கை நல்ல கை சார். அவசரமே படமாட்டாங்க" என்றார் டீச்சர்.

அவர் தலையாட்டினார். யாரோ ஒருவருடைய மாணவியைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தது. எப்படி வந்து சேர்ந்தாள் என்று கேட்டார். வெயில் காலத்தில் ஒருநாள் தானாகவே உள்ளே வந்தாள், முதல் நாளே ஸ்டியரிங் பற்றியோ கியர் பற்றியோ கேட்கவில்லை, அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார் டீச்சர். கதவின் உள்கைப்பிடி வேலை செய்யாவிட்டால் எப்படி வெளியே வருவது என்றுதான் கேட்டாளாம். கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியை இழுக்க வேண்டும் என்று டீச்சர் செய்துகாட்டினாராம். அவளும் நாலு தடவை செய்து பார்த்தாளாம். கார் பழகாதவர்களுக்கு உள்ளே மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இருக்கும்தான் என்று கதவு சார் சொன்னார். அதை அதற்குமேல் யோசிக்கவில்லை. அவர் கேட்க வந்தது வேறு.

"என்கிட்ட ஏன் சொல்லலையாம்?"



"நானும் கேட்டேன் சார். அவர் சுத்தி வந்து கதவைத் திறக்கறதுல ஒரு சந்தோஷம் இருக்கு, அதை எதுக்குக் கெடுக்கணும்னாங்க."

"எனக்கா, அவளுக்கா? சந்தோஷம் யாருக்குன்னு சொன்னா?"

"அது சொல்லல சார்."

எழுந்து வாசல்வரை வந்தவர், இன்னும் ஒன்று கேட்டார். இங்கே வகுப்பு முடிந்ததும் எப்படி இறங்குவாள்? டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜினை அணைத்த கையோடு கதவு திறந்திருக்கும், நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் அக்கா வாசலில் நிற்பார்கள் என்றார். சிரித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். சார், தண்ணி குடிக்கறீங்களா என்று கேட்டார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி அணைத்தார். பழக்கத்தில் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி, பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்தார். சீட் காலியாகத்தான் இருந்தது. அவர் அதில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். சொந்தக் காரில் அந்த இடத்திலிருந்து அவர் ஒருநாளும் வெளியே பார்த்ததில்லை. அவள் பார்த்ததைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. டிரைவர் சீட்டிலிருந்து தான் இறங்குவதாகவும், முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சட்டையை இழுத்துவிட்டபடி நடந்து வருவதாகவும் நினைத்துக்கொண்டார். மனசுக்குள் பத்துவரை எண்ணினார். யாரும் வரவில்லை. சரி, இறங்கலாம் என்று உள்கைப்பிடியை இழுத்தார்.

கதவு திறக்கவில்லை.

பூட்டியிருக்கிறதோ என்று பார்த்தார், பூட்டவில்லை. மறுபடி இழுத்தார். கைப்பிடி எதையும் பிடிக்காமல் லொடலொடவென்று ஆடியது. உள்ளே கம்பி கழன்றிருந்தது. மெக்கானிக்கிடம் விட்டால் பத்து நிமிஷ வேலை. தினமும் காலையில் ஸ்கூல் வண்டியின் பல்புவரை சரிபார்க்கிறவர் அவர். இந்தக் கைப்பிடியைத் தொட அவருக்கு ஒருநாளும் வேலை வரவில்லை.

அந்த உச்சி வெயில் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு மணி நேரம். கழுத்தெல்லாம் வியர்வை. டிரைவர் பக்கமாக நகர்ந்து இறங்கியிருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். அந்தச் சீட்டில் அவளை அவர் ஒருநாளாவது உட்காரவைத்திருந்தால் அவளுக்கும் தோன்றியிருக்கும். அவள் காத்திருக்கவில்லை, மாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் அவர் முகத்தைப் பார்த்து, அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லியிருக்கிறாள். அதை அவர் பத்து வருஷம் ஊரெல்லாம் சொன்னார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அழுகை வரும் என்று பார்த்தார். வரவில்லை. கைப்பிடியைப் பிடித்த விரல்கள் மட்டும் விட மறுத்தன. மறு கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். பிறகு கண்ணாடியைச் சுற்றி இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியைத் தடவிப் பார்த்து இழுத்தார். வெளியிலிருந்து அது எப்போதும்போலச் சுலபமாகத் திறந்தது.