சத்தம் போடாத பிரேக்கு

சிலமலையிலிருந்து போடிமெட்டு மலைத் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றி இறக்குவதுதான் ஜக்கையனின் சோலி. ஜீப்பு தோட்ட முதலாளியுடையது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் ஊளையிடும். ஒரு முறை முதலாளி வீட்டு விருந்தாளிகள் காதைப் பொத்திக்கொண்டே கீழே இறங்கினார்கள். சத்தம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு டிரைவர் வருவான் என்று அன்றே சொல்லியனுப்பினார் முதலாளி.

மெக்கானிக் சுருளி டிரம்மைக் கழற்றிப் பார்த்தான். பழுது எதுவும் இல்லை. புது லைனிங் போட்ட பிறகும் ஊளை நின்றபாடில்லை.

"லைனிங்ல லேசா கிரீஸத் தடவி விடுறேண்ணே. அடங்கிரும். எறக்கத்துல மட்டும் நிதானமாப் போ."

ஜக்கையன் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "தடவு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மூடுபனிக்குள் இறங்கிய ஜீப்பு வளைவில் நிற்காமல் பள்ளத்தில் பாய்ந்தது. செத்துப்போன பெண்களில் ஜக்கையனின் மனைவி கருத்தம்மாவும் ஒருத்தி. இடுப்பு ஒடிந்தாலும் ஜக்கையன் மட்டும் பிழைத்துக்கொண்டார்.

குடித்துவிட்டு ஓட்டினான் என்றது ஊர். அவர் மறுக்கவில்லை. தண்டனை கிடைத்து மதுரை ஜெயிலுக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் சந்திரவல்லியை ராசிங்காபுரத்துச் சித்தி குருவம்மாள் கூட்டிக்கொண்டு போனாள். அந்த வீட்டில் அப்பா பேச்சை யாரும் எடுப்பதில்லை. ஜெயிலில் பார்க்கப் போனபோது சந்திரவல்லியே, குடித்தீர்களா என்று கேட்டுவிட்டாள்.

"குடிக்கல ஆத்தா. பிரேக்குல பழுதே இல்ல, சத்தம் வரக்கூடாதுன்னு கிரீஸ் தடவச் சொன்னேன். குடிகாரன்னு சொன்னா வையிறதோட விட்ருவாக. இதச் சொன்னா ஒங்காத்தாள நானே தள்ளிவிட்டேன்னுல்ல ஆகும்?"

பஸ்சில் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அழுகை வரவில்லை. பழுதே இல்லாத பிரேக்கு ஏன் ஊளையிட வேண்டும் என்ற கேள்வி மட்டும் உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

அந்தக் கேள்வியே அவளை இன்ஜினீயரிங் படிக்க வைத்து, மெட்ராசில் பிரேக்கு செய்யும் கம்பெனி ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தது. எண்பதுகளின் நடுவில் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. சக்கரத்தோடு சுழலும் டிரம்மையும் அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவையும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் அதிர்வையும் அதில் கணக்குப் போட வைத்தாள். தப்பான கணக்குகளே மாதக்கணக்கில் காகிதமாக வந்து குவிந்தன. கடைசியில் பிடி கிடைத்தது. டிரம்மின் அதிர்வும் ஷூவின் அதிர்வும் ஒரே வேகத்துக்கு வந்து கைகோத்துக்கொள்ளும்போதுதான் அந்த ஊளை பிறக்கிறது. ஷூவின் தடிமனைக் கொஞ்சம் மாற்றினால் இரண்டும் விலகிவிடும், பிடிமானம் குறையாது. எத்தனையோ தடிமன்களைக் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

அதை மாட்டிய ஜீப்பை மலையில் ஓட்டிப் பார்க்க வேண்டி வந்தபோது போடிமெட்டுக்கே கொண்டுவந்தாள். விடுதலையாகி சிலமலையில் தோட்டக்காவலுக்கு இருந்த அப்பாவை, மன்றாடித்தான் முன்சீட்டில் உட்கார வைக்க முடிந்தது. டிரைவர் திருப்பதி வண்டியை மேலே ஏற்றி, இறக்கத்துக்குத் திருப்பினான். பின்சீட்டில் சந்திரவல்லி இருந்தாள்.

முதல் வளைவில் திருப்பதி பிரேக்கை மிதித்தான். சத்தமே இல்லை.

"பிடிக்கல! டேய், பிடிக்கலடா!" ஜக்கையன் அலறிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். வண்டி மலைப்பக்கம் உரசி நின்றது.

"அப்பா, பிடிச்சிருச்சு. பாருங்க, நிக்கிது."

அவருக்கு வேட்டி நனைந்திருந்தது. கதவைப் பற்றியபடி இறங்கினார்.

"அன்னிக்கும் இப்பிடித்தான் ஆத்தா. மிதிச்சேன், சத்தமே வரல. ஒங்காத்தா பின்னாலருந்து, 'சத்தம் நின்னுருச்சே'ன்னு சிரிச்சா."

இதை அவர் ஜெயிலில் சொல்லியிருக்கவில்லை. சந்திரவல்லி எவ்வளவு கெஞ்சியும் மறுபடி ஏறாமல், ஒடிந்த இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து மலையடிவாரத்து முந்தலை நோக்கி நடந்தார். அவள் திருப்பதியிடம் சோதனையை முடிக்கச் சொல்லிவிட்டு அவரோடு நடந்தாள்.

அந்த ஷூ மறுவருஷமே மலை வண்டிகளில் ஏறியது. கம்பெனியில் அவளுக்கு மாலை போட்டார்கள். ஜக்கையன் அதற்கப்புறம் எந்த வண்டியிலும் ஏறவில்லை. நெஞ்சுவலி வந்த அன்றுகூட, பெரியாஸ்பத்திரிக்குப் போக ஜீப்பு வாசலில் நின்றும், வரமாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.