காபியோடு வந்த தைராய்டு மாத்திரை

"மாமி, மாத்திரையை எதோட முழுங்கறேள்?"

போன வாரம் செம்பூர் டாக்டரம்மா இப்படிக் கேட்டதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பதில் அவருடையதாயிற்றே!

கதை இதுதான். சில மாதங்களாக என் பி.பி.யில் கீழ் நம்பர் இறங்கவே இல்லை. வீட்டில் உப்புக்குத் தடை. ஊறுகாய் ஜாடி எதிர் ஃப்ளாட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. அப்புறம்தான், மும்பை மே மாதத்தில் நான் ஸ்வெட்டரோடு வந்து நிற்பதை டாக்டரம்மா கவனித்தார். டெஸ்ட் எடுத்தால்... தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை!

"ரத்தக் குழாயோட உள்சுவர்தான் குழாயைத் தளரச் சொல்லும். தைராய்டு குறைஞ்சா அந்த உத்தரவு சரியாப் போகாது. குழாய் இறுகியே இருக்கும், பி.பி. ஏறும்" என்றார்.

என்னவர் அணுசக்தி நகரில் குழாய்களைப் பராமரித்து ரிடையர் ஆனவர். விடுவாரா?

"முப்பது வருஷம் பைப்போட குடும்பம் நடத்தியிருக்கேன், டாக்டர். பைப் தானா லூஸானா அதுக்குப் பேரு லீக்!"

அந்த முப்பது வருஷமும் நான் எங்கே இருந்தேன் என்று கேட்கவில்லை.

ஆனால் மனுஷர் பயந்துதான் போனார். மறுநாள் கண் விழித்தால், கட்டிலருகே நிற்கிறார். ஒரு கையில் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த தைராய்டு மாத்திரை. மறு கையில் காபி! கேஸ் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாதவர் — டிகாஷன் இறக்கியிருக்கிறார். அதன் பிறகு தினமும் வந்தது. காபியா அது? கஷாயம். ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாத்திரைதான் வேலை செய்யவில்லை. பி.பி. இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால்தான் போன வாரம் அந்தக் கேள்வி.

"தினம் நானே காபியோட குடுத்துடறேன், டாக்டர்" என்றார் பெருமையாக.

"ஐயோ மாமா! காபி அந்த மாத்திரையை உடம்புல சேர விடாது. வெறும் வயித்துல, தண்ணியோட. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி!"

பாவம், அவர் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கோ வேறு கவலை. அவசரமாகக் கேட்டேன்: "அந்தக் காபியையும் இவரே போட்டுத் தரலாமோன்னோ?"

டாக்டரம்மா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை தலைமாட்டில் மாத்திரையும் தண்ணீரும் இருந்தன. விழுங்கிவிட்டு, நம்பிக்கையோடு ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். ஹாலிலிருந்து குரல் வந்தது.

"டயம் ஆயிடுத்து. இனிமே நீ காபி போடலாம்... அப்படியே எனக்கும் ஒண்ணு!"

இனி மாத்திரை வேலை செய்யும். அவர்தான் வேலையை நிறுத்திவிட்டார்.